கணக்கு தீர்வதற்கு முன்

இணையத்தில் நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் நெற்றியிலும் ஓர் எண் எழுதியிருக்கும். டிடிஎல் என்போம், 'டைம் டு லிவ்' என்பதன் சுருக்கம். பொட்டலம் ஒரு ரௌட்டரைக் கடக்கும்போதெல்லாம் அந்த எண்ணில் ஒன்று கழியும். பூஜ்யம் ஆனதும் அது எந்த ரௌட்டரில் நிற்கிறதோ அங்கேயே தூக்கிப்போடப்படும். லினக்ஸ் கணினிகள் பெரும்பாலும் 64இல் ஆரம்பிக்கும், விண்டோஸ் 128இல். அதிகபட்சம் 255. எதற்கு இந்த ஏற்பாடு? வழிகாட்டும் அட்டவணையில் எங்காவது ஒரு பிழை இருந்தால் பொட்டலம் இரண்டு ரௌட்டர்களுக்கு நடுவே சாகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். லட்சக்கணக்கில் இப்படிச் சுற்றினால் மொத்த வலையமைப்பும் மூச்சுமுட்டி நின்றுவிடும். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு சாவு எழுதப்பட்டிருப்பதால்தான் வலையமைப்பு உயிரோடிருக்கிறது.

இன்ஜினியரிங் படிக்கும்போது இது எங்களுக்கு இரண்டு மார்க் கேள்வி. பல வருடம் கழித்து, இதே மாதிரி ஒரு எண் நம் உடலின் செல்களுக்குள்ளும் இருக்கிறது என்று படித்தபோது எனக்கு வந்தது ஒருவிதத் தொழில் சார்ந்த சந்தோஷம். அட, நம்ம ஆளு! அந்தச் சந்தோஷம் எந்த இடம்வரை செல்லுபடியாகும் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஏனென்றால், இந்த ஒரு உவமையை நம்பி முதுமையைப் பற்றியும் சாவைப் பற்றியும் நாம் நிறைய தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

முதலில் கதை. 1912இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் அலெக்சிஸ் காரெல், ஒரு கோழிக்கருவின் இதயத்திலிருந்து எடுத்த செல்களைக் குடுவையில் வளர்க்கத் தொடங்கினார். 1944இல் காரெல் இறந்துபோனார். அவர் செல்கள் 1946 வரை வளர்ந்துகொண்டிருந்தன. செல்லுக்கு இயல்பில் சாவு கிடையாது, உடலுக்குள் மாட்டிக்கொள்வதால்தான் சாகிறது என்று அந்தக் காலத்து உயிரியலாளர்கள் நம்பினார்கள். செல்களுக்கு ஊட்டிய கருச்சாற்றோடு ஒவ்வொரு முறையும் புதுச் செல்களும் கொஞ்சம் உள்ளே போயிருக்கலாம் என்பது பிற்பாடு சொல்லப்பட்ட விளக்கம்.

1961இல் ஃபிலடெல்ஃபியாவின் விஸ்டார் நிறுவனத்தில் லெனார்ட் ஹேஃப்லிக்கும் பால் மூர்ஹெட்டும் அந்த நம்பிக்கையை உடைத்தார்கள். மனிதக் கருவின் செல்கள் 40 முதல் 60 தடவை வரை இரட்டிக்கின்றன, பிறகு நின்றுவிடுகின்றன. 'உங்க குடுவையில் ஏதோ கோளாறு' என்று சொல்லிவிடக் கூடாதே என்பதற்காக ஒரு சோதனை செய்தார்கள். பலமுறை பிரிந்து முதிர்ந்த ஆண் செல்களையும் இளம் பெண் செல்களையும் ஒரே குடுவையில் கலந்துவிட்டார்கள். ஒரே உணவு, ஒரே சூடு. கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் பெண் செல்கள் மட்டும்தான் மிச்சம். கோளாறு குடுவையில் இல்லை, கணக்கு செல்லுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது. செல்களை உறையவைத்து, மாதக்கணக்கில் விட்டு, மறுபடி உருக்கினாலும் விட்ட இடத்திலிருந்து எண்ணின. நாட்களைக் கணக்கெடுக்கவில்லை; எத்தனை முறை பிரிந்தோம் என்பதைத்தான் ஞாபகம் வைத்திருந்தன.

அந்த ஞாபகம் எங்கே இருக்கிறது? மாஸ்கோவில் அலெக்சேய் ஒலோவ்னிகோவ் என்ற விஞ்ஞானிக்கு மெட்ரோ நிலையத்தில் நின்றபோது விடை தோன்றியது. டிஎன்ஏவை நகலெடுக்கும் இயந்திரத்தை ஒரு ரயிலாகவும் டிஎன்ஏவைத் தண்டவாளமாகவும் அவர் யோசித்தார். ரயில் எங்கே நின்று கிளம்புகிறதோ, அதற்கு அடியில் இருக்கும் தண்டவாளத் துண்டை அதனால் நகலெடுக்க முடியாது. எனவே ஒவ்வொரு பிரிவிலும் நுனியில் கொஞ்சம் தேயும். 1971இல் இதை வெளியிட்டார். எலிசபெத் பிளாக்பர்ன் 1978இல் ஜோசப் காலுடன் சேர்ந்து ஒரு குளத்து நுண்ணுயிரின் குரோமோசோம் நுனியில் ஒரே சொல் திரும்பத் திரும்ப எழுதியிருப்பதைக் காட்டினார். மனிதர்களில் அந்தச் சொல் டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி. எந்தப் புரதத்துக்கும் குறிப்பு இல்லாத, ஆயிரக்கணக்கான எழுத்து நீளமுள்ள இந்த முந்தானைதான் டெலோமியர். 1984 கிறிஸ்துமஸ் அன்று ஆய்வகத்துக்குப் போன கரோல் கிரைடர், தேய்ந்த நுனியை மறுபடி நீட்டும் டெலோமரேஸ் என்ற நொதியின் தடயத்தைப் பார்த்தார். மனிதச் செல் முதிர முதிர நுனி தேய்வது 1990இல் அளக்கப்பட்டது. 1998இல் சாதாரண மனிதச் செல்லுக்குள் டெலோமரேஸை ஓடவிட்டபோது அது தன் எல்லையைத் தாண்டிப் பிரிந்துகொண்டே போனது. பிளாக்பர்ன், கிரைடர், ஜாக் சோஸ்டாக் மூவருக்கும் 2009இல் நோபல்.

இதுவரை டிடிஎல் உவமை கச்சிதமாகப் பொருந்துகிறது. ஒரு எண், ஒவ்வொரு தாவலுக்கும் கழித்தல், பூஜ்யத்தில் நிறுத்தம். நிறுத்தத்தால் லாபம் மொத்த அமைப்புக்கு: கட்டுக்கடங்காமல் பெருகும் செல்தானே புற்றுநோய்.

உவமை உடையும் இடம் வேறு. டிடிஎல் 64 ஆக இருந்தாலும் 3 ஆக இருந்தாலும் பொட்டலத்துக்குள் இருக்கும் கடிதம் ஒன்றேதான். எண் குறையக் குறையக் கடிதத்தின் வாசகம் மாறுவதில்லை. செல்லில் மாறுகிறது.

1990இல் டேனியல் காட்ஷ்லிங்கின் குழு ஈஸ்ட்டில் ஒரு மரபணுவை எடுத்து டெலோமியருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது. அந்த மரபணு வேலை செய்தால் ஈஸ்ட் கூட்டம் வெள்ளையாக இருக்கும், வாய் மூடினால் சிவப்பாகும். வந்தது வெள்ளையும் சிவப்பும் பட்டை பட்டையாகக் கலந்த கூட்டம். மரபணுவின் எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. அது உட்கார்ந்த இடம் அதன் குரலை அடக்கியது. 2001இல் டெக்சாஸில் ஜெர்ரி ஷே, வுட்ரிங் ரைட் குழு இதையே மனிதச் செல்லில் காட்டியது. மின்மினிப்பூச்சியைப் போல ஒளிவிடும் புரதத்துக்கான மரபணுவை நுனிக்கருகில் வைத்தால், நடுவில் வைத்ததைவிட வெளிச்சம் பத்து மடங்கு குறைவு. டெலோமியரை நீட்டினால் இன்னும் மங்கியது. அதாவது நீளமான நுனி, பக்கத்தில் இருப்பவர்களைப் பேசவிடுவதில்லை. நுனி தேயத் தேய அவர்கள் வாய் திறக்கிறார்கள்.

இதைவிட விநோதம் அடுத்தது. ஐஎஸ்ஜி15 என்று ஒரு மரபணு. நோய் எதிர்ப்பு, அழற்சி சம்பந்தப்பட்டது. முதல் குரோமோசோமின் நுனியிலிருந்து கிட்டத்தட்ட பத்து லட்சம் எழுத்து தள்ளி இருக்கிறது. டெலோமியர் குட்டையாகும்போது இதன் பேச்சு கூடுகிறது. ஆனால் இதற்கும் நுனிக்கும் நடுவில் உள்ள மரபணுக்கள் கண்டுகொள்ளவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் அமைதியாக இருக்க, பத்துத் தெரு தள்ளியிருப்பவர் ஏன் எழுந்து பேச வேண்டும்? 2014இல் ஷே, ரைட் குழுவே பதில் தந்தது: நீளமான டெலோமியர் வளைந்து உள்ளே வந்து தூரத்து மரபணுவைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இடுப்பில் செருகிய முந்தானை மாதிரி. செருகுவதற்குத் துணி இருக்கும்வரை மடிப்பு நிற்கும். நுனி நைந்தால் செருகல் நழுவும்; மூடியிருந்த இடம் திறந்துகொள்ளும். ஒரு கோடி எழுத்து தூரம்வரைகூட இந்த மடிப்பின் செல்வாக்கு போகிறது என்று அவர்கள் காட்டினார்கள்.

முக்கியமான விஷயம், இதெல்லாம் கணக்கு பூஜ்யம் ஆவதற்கு வெகு முன்பே நடப்பவை. செல் நன்றாகப் பிரிந்துகொண்டுதான் இருக்கிறது, அதற்குள்ளேயே அதன் பேச்சு மாற ஆரம்பித்துவிடுகிறது. நான்காம் குரோமோசோமின் நுனியருகே டக்ஸ்4 என்ற மரபணு இருக்கிறது. முகம், தோள் தசைகளை அரிக்கும் ஒரு பரம்பரைத் தசைநோய்க்கு அதுதான் காரணம். பிறக்கும்போதே குறை இருந்தும், பலருக்கு நோய் பதின்வயதிலோ அதற்குப் பிறகோதான் தலைகாட்டுகிறது. நோயாளிகளின் செல்களில் டெலோமியர் தேயத் தேய டக்ஸ்4இன் வெளிப்பாடு பத்து மடங்குவரை ஏறுவது 2013இல் தெரியவந்தது. நோய் ஏன் இத்தனை வருடம் காத்திருக்கிறது என்பதற்கு இது ஒரு பகுதி விடையாகலாம்.

பூஜ்யத்துக்குப் பிறகும் உவமை உதவாது. பொட்டலம் பூஜ்யத்தில் காணாமல் போய்விடும். செல் போகாது. நுனி மிகவும் தேய்ந்தால், 'டிஎன்ஏ அறுந்திருக்கிறது' என்று செல்லின் எச்சரிக்கை மணி அடிக்கிறது. செல் பிரிவதை நிறுத்துகிறது, ஆனால் உயிரோடு அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. சும்மாவும் இருப்பதில்லை. ஜூடித் காம்பிசியின் குழு 2008இல் விவரித்தபடி, இப்படி ஓய்ந்த செல்கள் அழற்சியைத் தூண்டும் புரதங்களைச் சுற்றிலும் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. பக்கத்துச் செல்களையும் அது கெடுக்கிறது. நாம் முதுமை என்று உணர்வதில் ஒரு பங்கு, செல்கள் தீர்ந்துபோவதால் வருவதில்லை. தீராமல் பேசிக்கொண்டிருப்பதால் வருகிறது.

சரி, இதுல அறம் எங்கே வருகிறது?

செல்லின் எல்லை உடலுக்கு நல்லது. ஆகவே மனிதனின் எல்லையும் உலகுக்கு நல்லது. மேடைப்பேச்சிலும் இரங்கல் குறிப்பிலும் இந்த வாதத்தைக் கேட்டிருப்பீர்கள். பழைய இலை உதிர்ந்தால்தானே புது இலை என்பதும் இதுவேதான். கேட்க ஆறுதலாக இருக்கிறது. ஆனால் இதற்குள் ஒரு சின்ன மோசடி ஒளிந்திருக்கிறது. செல் நின்றுபோனால் அந்தச் செல்லுக்கு எந்த இழப்பும் இல்லை. இழப்பை உணர அங்கே யாரும் இல்லை. லாபம் அடைவது உடல், அதாவது வலியும் ஆசையும் உள்ள ஒரு ஆள். மனிதனுக்கு இதைப் பொருத்தும்போது இரண்டும் தலைகீழாகின்றன. இழப்பை உணர்பவர் சாகிறவர். லாபம் அடைவதாகச் சொல்லப்படும் 'சமூகம்', 'குடும்பம்', 'இயற்கை' எதற்கும் தனியாக ஒரு நரம்பு கிடையாது. அவற்றுக்குள் இருக்கும் ஆட்களுக்குத்தான் உண்டு.

இது வெறும் தர்க்க விளையாட்டு இல்லை. நம் ஊரில், விருதுநகர், மதுரைப் பக்கம், இந்த வாதத்துக்கு ஒரு நடைமுறை வடிவம் இருந்திருக்கிறது. தலைக்கூத்தல் என்று பெயர். படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து அனுப்பிவைப்பது. செய்தவர்கள் அரக்கர்கள் இல்லை. கூலி வேலைக்குப் போனால்தான் சோறு என்ற வீடுகள். அங்கே ஒருவரை அனுப்புவதற்கு முன் சொல்லப்படும் வாக்கியம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான்: "வாழ வேண்டியது வாழ்ந்தாச்சு, இப்ப சும்மா இழுத்துக்கிட்டு கிடக்கு." உயர்திணை அஃறிணையாக மாறுவதைக் கவனியுங்கள். 'கிடக்கு' என்று சொன்ன கணத்தில் அவர் ஒரு செல் ஆகிவிடுகிறார். குடும்பம் என்ற உடலின் நன்மைக்காக நின்றுபோக வேண்டிய, கணக்கு தீர்ந்த செல்.

சாவுக்கு ஆதரவாக இதைவிட நேர்மையான வாதம் உண்டு. காரெல் சாப்பெக்கின் 1922ஆம் ஆண்டு நாடகத்தில் ஒரு பெண் அமுதம் குடித்து முந்நூறு வயதுக்கு மேல் வாழ்ந்து, எதிலும் ஈடுபாடு இல்லாமல் உறைந்துபோகிறாள். அவளை வைத்து பெர்னார்ட் வில்லியம்ஸ் 1973இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். முடிவில்லாத வாழ்க்கை அதை வாழ்பவருக்கே சலித்துவிடும் என்பது அவர் வாதம். இதில் நான் மதிப்பது, அவர் சாகிறவரின் இடத்திலிருந்து பேசுகிறார் என்பதை. இன்னொருவர் நன்மைக்காக நீ போ என்று அவர் சொல்வதில்லை. ஆனால் அது முடிவில்லாத வாழ்க்கையைப் பற்றிய வாதம். எழுபத்தெட்டு வயதில் பேரன் கல்யாணத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று நினைக்கும் ஒருவருக்கு அது எந்தப் பதிலும் ஆகாது.

அப்படியானால் எதிர்ப்பக்கம் போவோமா? எல்லையே வேண்டாம், டெலோமரேஸை ஊசியாகப் போட்டுக்கொள்வோம்? இதை விற்க ஆட்கள் இருக்கிறார்கள். எல்லையை மீறிய மனிதச் செல்கள் எப்படி இருக்கும் என்று நமக்கு 1951இலிருந்து தெரியும். பால்டிமோரில் கருப்பைவாய்ப் புற்றுநோயால் 31 வயதில் இறந்த ஹென்ரியெட்டா லாக்ஸின் உடலிலிருந்து, அவர் அனுமதி கேட்காமல் எடுக்கப்பட்ட ஹீலா செல்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் பிரிந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் டெலோமரேஸ் ஓய்வில்லாமல் ஓடுகிறது. செல்லுக்குச் சாகாவரம் கிடைத்தது, அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. பத்தில் ஒன்பது புற்றுநோய்களில் இதே நொதி விழித்திருக்கிறது. பிறவியிலேயே மிக நீண்ட டெலோமியர் கொண்டவர்களைப் பற்றி 2023இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் எழுதினார்கள்: அவர்களுக்குப் பலவகைக் கட்டிகள் அதிகம் வந்திருந்தன.

இங்கேயும் மரபணுப் பேச்சு ஒரு திருப்பம் வைத்திருக்கிறது. டெலோமரேஸைச் செய்யும் மரபணுவே ஐந்தாம் குரோமோசோமின் நுனியிலிருந்து பன்னிரண்டு லட்சம் எழுத்து தொலைவில்தான் இருக்கிறது. இளம் செல்லில் நீண்ட டெலோமியரின் மடிப்பு அதன்மீது படிந்து அதை அடக்கிவைக்க உதவுகிறது. வயதாகி நுனி தேய்ந்தால் அந்தப் பூட்டும் தளர்கிறது. முழுசாகத் திறந்துவிடுவதில்லை, திறக்க வாய்ப்புள்ள நிலைக்கு வருகிறது. முதுமையில் புற்றுநோய் கூடுவதற்கு இதுவும் ஒரு வழியாக இருக்கலாம் என்பது 2016இல் வந்த ஒரு ஆய்வின் யோசனை. ஆக, புற்றுநோயைத் தடுப்பதற்காக ஓடும் அந்தத் தேய்மானமே, ஒரு கட்டத்தில் புற்றுநோயின் கதவையும் லேசாக நெம்புகிறது. இயற்கை இதை யோசித்துச் செய்திருக்கிறது, இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது என்று சொல்ல விரும்புகிறவர்கள் முதலில் இந்த இடத்தை விளக்க வேண்டும். இது பிழையும் இல்லை, வசதியும் இல்லை. பிள்ளை பெறும் வயதுவரை ஓரளவுக்கு ஓடினால் போதும் என்று கைவிடப்பட்ட பழைய கோடு மாதிரி இருக்கிறது.

மூன்றாவதாக ஒரு ஆசை இருக்கிறது. அதுதான் எனக்கு மிக அருகில் நடப்பது. எண்ணையே நற்சான்றிதழ் ஆக்குவது. 2004இல் எலிசா எபெல், பிளாக்பர்ன் குழு 58 தாய்மார்களை ஆராய்ந்தது. அவர்களில் பலர் நாள்பட்ட நோயுள்ள பிள்ளைகளைப் பராமரித்தவர்கள். பராமரித்த வருடங்கள் கூடக்கூட டெலோமியர் குட்டையாக இருந்தது. மிக அதிக மன அழுத்தத்தைச் சொன்னவர்களுக்கும் மிகக் குறைவாகச் சொன்னவர்களுக்கும் இடையிலான வித்தியாசம், பத்து வருட முதுமைக்காவது சமம் என்று கணக்கிட்டார்கள். முக்கியமான ஆய்வு. ஆனால் அது பத்திரிகை வழியாக நம்மை வந்தடைந்தபோது 'கவலைப்பட்டால் டெலோமியர் தேயும், எனவே கவலைப்படாதே' என்று மாறிவிட்டது. எச்சில் மாதிரியை அனுப்பினால் 'உங்கள் உண்மையான வயது' என்று தாள் வருகிறது. ஆளுக்கு ஆள் பிறப்பிலேயே நீளம் வேறுபடும். ஆய்வக எலிகளுக்கு நம்மைவிடப் பல மடங்கு நீளமான டெலோமியர். அவை வாழ்வதோ இரண்டு மூன்று வருடம். மூளையின் நரம்புச் செல்கள் பெரும்பாலும் பிரிவதே இல்லை, ஆனால் முதுமை அங்கேயும் வருகிறது. இந்த ஒரு எண்ணை வைத்து ஒரு ஆளை எடைபோட முடியாது.

அம்மா ஆறு வருடம் பாட்டியைப் பார்த்துக்கொண்டாள். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்த மாமியார். ஆபீஸில் ஒரு நண்பர் இந்தப் பரிசோதனையைச் செய்துவிட்டு வந்து சிபாரிசு செய்தபோது, வீட்டில் பேச்சுவாக்கில் சொன்னேன், இப்படியெல்லாம் அளக்கிறார்களாம் என்று. அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "அதை அளந்து நான் என்னடா பண்ணப்போறேன்? ராத்திரி ரெண்டு மணிக்கு உங்க பாட்டியைத் திருப்பிப் படுக்கவைக்க ஒரு ஆள் கிடைச்சா சொல்லு."

அந்த ஆய்வை இதைவிடச் சரியாக யாரும் வாசித்து நான் பார்த்ததில்லை. 'கவலைப்படாதே' என்பது பாரத்தைச் சுமப்பவர் தலையிலேயே இன்னொரு கடமையை ஏற்றுகிறது: பார்த்துக்கொள், அதோடு சந்தோஷமாகவும் பார்த்துக்கொள். அம்மா கேட்டது பாரத்தைப் பங்கு போடும் கேள்வி. மன அழுத்தம் செல்லின் நுனிவரை இறங்குகிறது என்றால், அது யார் வீட்டில், யார் தலையில் இறங்குகிறது என்பது உயிரியல் கேள்வி இல்லை. எத்தனை ஆண்கள் இரவு இரண்டு மணிக்கு எழுந்திருக்கிறார்கள் என்ற கேள்வி.

செல்லிலிருந்து அறம் பிறக்காது என்றுதான் நினைக்கிறேன். தேயும் நுனி நம்மை எப்படி வாழச் சொல்கிறது என்று கேட்பதில் அர்த்தமில்லை. ஆனால் தப்பான உவமையின் மேல் கட்டிய அறத்துக்கு அடியிலிருந்து அந்த உவமையை உருவிவிட அறிவியலால் முடியும். முதுமை ஒரு எண்ணின் இறக்கம் என்று நம்பினால், முதியவர் மிச்சத் தொகை ஆகிவிடுகிறார். மிச்சம் குறைந்தவருக்கு மதிப்பும் குறைவு என்ற கணக்கு தானாக வந்து சேரும். செல்லுக்குள்ளேயே அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. அங்கே நடப்பது, அடங்கியிருந்தது பேசுவதும் பேசியது அடங்குவதும். அதில் சில பேச்சு நோய், சில பேச்சு இன்னும் அர்த்தம் தெரியாதது.

ஆராய்ச்சியிடம் எதைக் கேட்கலாம் என்பதும் இதிலிருந்து மாறுகிறது. 2011இல் மேயோ கிளினிக்கில் ஓய்ந்த செல்களை மட்டும் எலிகளிலிருந்து நீக்கிப் பார்த்தார்கள். விரைவாக மூப்படையும்படி உருவாக்கப்பட்ட அந்த எலிகளில் தசைத் தளர்ச்சியும் கண்புரையும் தள்ளிப்போயின. மனிதர்களுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்ற சோதனைகள் நடந்துகொண்டிருக்கின்றன. அவை கேட்பது 'இன்னும் எத்தனை வருடம்' என்று இல்லை, 'இருக்கும் வருடத்தில் எது வலிக்கிறது' என்று.

மருத்துவமனை வராந்தாவில் நம் ஆட்கள் டாக்டரிடம் முதலில் கேட்பது, "இன்னும் எவ்வளவு நாள் தாங்கும்?" பயத்தில் வரும் கேள்வி, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதோடு நின்றுவிடாமல் உள்ளே போய், கட்டிலில் இருப்பவரிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இப்ப எங்க வலிக்குது, என்ன வேணும் என்று. அவருடைய பதில் நமக்கு வசதியாக இல்லாமல் போகலாம். வீட்டுக்குக் கூட்டிப்போ என்பார், சண்டை போட்ட தம்பியைப் பார்க்கணும் என்பார். அந்தப் பதிலுக்கு உட்கார்ந்து காது கொடுக்க, வீட்டில் தூக்கம் மிச்சமிருக்கும் ஒரு ஆளாவது வேண்டும்.